சம்பளம் நின்ற தீவு: ரோமர் போன பிறகும் ரோம பிரிட்டன் பிழைத்திருக்குமா?

ரோமப் படை விலகிய பிறகு பிரிட்டனில் ஒரு ரோம-பிரித்தானிய அரசு அழியாமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாற்று வரலாறு பேசுகிறவர்களுக்கு அலுக்காத கேள்வி இது. பெரும்பாலானவர்கள் நேராகக் கதைகளில் வரும் ஆர்தர் அரசரிடம் போய்விடுவார்கள். ஆர்தர் இன்னும் இரண்டு போரில் ஜெயித்திருந்தால் வடகடலுக்கு அப்பாலிருந்து வந்த ஜெர்மானிய இனத்தாரான சாக்சன்கள் வந்த வழியே திரும்பியிருப்பார்கள், இங்கிலாந்து என்ற நாடே உருவாகியிருக்காது என்று கதை போகும். எனக்கு அந்த வழி சரியாகப் படவில்லை. பேடன் மலைப் போரில் பிரித்தானியர்கள் சாக்சன்களை நன்றாகவே தோற்கடித்தார்கள். அதைப் பதிவு செய்த கில்டாஸ் என்ற துறவி ஏறக்குறைய அந்தத் தலைமுறைக்காரர். அவர் எழுத்தில் ஆர்தர் என்ற பெயரே வரவில்லை; போர்த்தலைவன் ஆர்தரின் கதை 9-ஆம் நூற்றாண்டு நூலில்தான் தலைகாட்டுகிறது. அது எப்படியோ போகட்டும். போரில் வென்றும் அரசு நிற்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அப்படியானால் காரணத்தைப் போர்க்களத்தில் தேடிப் பயனில்லை. படைக்குச் சோறு போட்டது யார், சம்பளம் கொடுத்தது யார், அது எப்போது நின்றது என்று பார்க்க வேண்டும்.

பிரிட்டன் தனி ரோம அரசாக நிற்க முடியும் என்பதற்கு முன்னுதாரணமே இருக்கிறது. கி.பி. 286 வாக்கில் ஆங்கிலக் கால்வாயில் கடற்கொள்ளையரை அடக்க நியமிக்கப்பட்ட கப்பற்படைத் தளபதி கராசியஸ். கொள்ளையரிடம் பிடித்த பொருளைத் தானே வைத்துக்கொள்கிறார் என்று புகார் எழுந்தது. அவரைக் கொல்லும்படி பேரரசர் மாக்சிமியன் ஆணையிட்டார். கராசியஸ் பிரிட்டனைத் தன் வசமாக்கிக்கொண்டு, தானே பேரரசர் என்று அறிவித்தார். 293-இல் அவரைக் கொன்றுவிட்டு அவருடைய நிதி அதிகாரி அலெக்டஸ் பதவிக்கு வந்தார். 296 வரை, பத்து ஆண்டுகள், பிரிட்டன் யாருக்கும் கட்டுப்படாத ரோம அரசாக இருந்தது.

கராசியஸ் என்ன செய்தார் என்று பாருங்கள். லண்டனில் நாணயச்சாலை திறந்தார். பேரரசின் மற்றப் பகுதிகளில் வெள்ளிப்பூச்சு பூசிய செம்பே காசாகப் புழங்கிய நாட்களில், இவர் தரமான வெள்ளிக்காசு அடித்தார். சில காசுகளில் மூன்று எழுத்து மட்டும் இருக்கும். பொற்காலம் திரும்புகிறது என்று சொல்லும் ரோமக் கவி வெர்ஜிலின் வரி ஒன்றின் சுருக்கம் அது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இன்னொரு காசில் மூன்று பேரரசர்களின் முகங்கள் வரிசையாக இருக்க, சுற்றிலும் ‘கராசியஸும் அவருடைய சகோதரர்களும்’ என்ற எழுத்து. அந்தச் சகோதரர்கள் வேறு யாருமில்லை, அவரை ஒழிக்கப் பார்த்த டயோக்ளீஷியனும் மாக்சிமியனும்தான். படை, கப்பல், நாணயச்சாலை, எதிர்க்கரையில் போலோன் துறைமுகம் நான்கும் கையில் இருந்தவரை அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. 293-இல் போலோன் பறிபோனது. அப்போதிருந்து இறங்குமுகம்.

இந்த நான்கில் 407-இல் எது மிச்சமிருந்தது? 406-இல் பிரிட்டனில் இருந்த படை கலகம் செய்து மார்க்கஸ் என்பவரைப் பேரரசர் ஆக்கியது, பிறகு அதுவே கொன்றது. அடுத்து கிரேஷியன்; நான்கு மாதத்தில் அவரும் போனார். மூன்றாவதாக வந்த கான்ஸ்டன்டைன் சாதாரணப் படைவீரர். பழைய பேரரசரின் ராசியான பெயர் அவருக்கு இருந்ததால்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று அக்கால எழுத்தாளர் ஓரோசியஸ் சொல்கிறார். அவர் 407-இல் பிரிட்டனின் நடமாடும் படையைத் திரட்டிக்கொண்டு கால்வாயைத் தாண்டி கால் நாட்டுக்குப் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) போனார். ஆர்ல் நகரில் சில ஆண்டு அரசாண்டார், 411-இல் சரணடைந்து கொல்லப்பட்டார். அவரோடு போன படை திரும்பி வரவில்லை. லண்டன் நாணயச்சாலை எப்போதோ மூடப்பட்டிருந்தது. 409 வாக்கில் பிரித்தானியர்கள் ரோம அதிகாரிகளை விரட்டிவிட்டுத் தாங்களே ஆயுதம் எடுத்ததாக வரலாற்றாசிரியர் சோசிமஸ் எழுதுகிறார். ‘உங்களை நீங்களே காத்துக்கொள்ளுங்கள்’ என்று 410-இல் பேரரசர் ஹொனோரியஸ் எழுதிய புகழ்பெற்ற கடிதம் பிரிட்டனுக்குத்தானா, இத்தாலியில் இருந்த ஒரு பகுதிக்கா என்று இன்றும் வாதம் நடக்கிறது. என் பார்வையில் கடிதத்தைவிட அதிகாரிகளை விரட்டியதுதான் பெரிய சம்பவம். வரி வசூலிப்பவர்களை விரட்டிய அன்று மக்கள் நிம்மதியாகத்தான் மூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் ஒரு படைக்குப் படியளக்கும் ஏற்பாடும் அவர்களோடு சேர்ந்து போய்விட்டது.

அந்த ஏற்பாடு சுழற்சியாக நடந்த ஒன்று. பேரரசு காசு அடித்து அனுப்பும். அது படைவீரனுக்கும் அதிகாரிக்கும் சம்பளமாகப் போகும். அவர்கள் சந்தையில் செலவழிப்பார்கள். அங்கே விற்ற குடியானவன் அதே காசில் வரி கட்டுவான். 402 வாக்கில் புதிய செப்புக்காசு பிரிட்டனுக்கு வருவது நின்றது, சில ஆண்டில் வெள்ளியும் நின்றது. 1992-இல் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸன் கிராமத்தில், வயலில் தொலைந்த ஒரு சுத்தியலைத் தேடப் போனபோது கிடைத்த புதையலில் ஏறக்குறைய 15,000 காசுகள் இருந்தன. பெரும்பாலும் வெள்ளி. கடைசிக் காசுகள் 407, 408-ஐச் சேர்ந்தவை. அந்த வெள்ளிக்காசுகளில் மிகப் பலவற்றின் விளிம்பைச் சுற்றிக் கத்தரித்திருக்கிறார்கள். எழுத்து வெட்டுப்பட்டிருக்கும், பேரரசரின் முகத்தை மட்டும் தொடாமல் விட்டிருப்பார்கள். முகம் இருந்தால் காசு செல்லும். வெட்டிய வெள்ளியை உருக்கிப் போலிக் காசு அடிக்கலாம். புதுக் காசு இனி வராது என்று தெரிந்தவர்கள், இருப்பதை நீட்டி நீட்டிப் பயன்படுத்திய விதம் இது.

அப்புறம் எல்லாம் வேகமாகச் சரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரிலும் நியூ ஃபாரஸ்டிலும் தீவு முழுக்கப் பானை சட்டி அனுப்பிய சூளைகள் ஒரு தலைமுறைக்குள் அணைந்தன. இரும்பு ஆணிகூட அரிதானது. பேரரசின் மாகாணமாக மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த தீவில் காசு அற்றுப்போன அதே காலத்தில், ரோம ஆட்சியை ஒருநாளும் காணாத இலங்கையிலும் நம் கரூர், மதுரைப் பக்கத்திலும் 4, 5-ஆம் நூற்றாண்டு ரோமச் செப்புக்காசுகள் வணிகத்தால் வந்து குவிந்துகொண்டிருந்தன. பிரிட்டனுக்குக் காசை இழுத்து வந்தது வணிகம் இல்லை, படையின் சம்பளம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்பீடு எனக்குத் தெரியவில்லை.

இப்போது கில்டாஸ் சொல்லும் பேரழிவுக் கதையைப் படித்தால் வேறு மாதிரி தெரியும். ‘கர்வம் பிடித்த கொடுங்கோலன்’ ஒருவன் (பின்னாளில் வோர்ட்டிகெர்ன் என்று பெயர் சூட்டப்பட்டவன்) வடக்கத்திப் பகைவர்களை அடக்க சாக்சன்களைக் கூலிப்படையாக அழைத்தான். அவர்களுக்கு உணவுப்படி பேசி முடித்தார்கள். கில்டாஸ் இங்கே ரோமப் படைக் கணக்கில் புழங்கிய சொற்களையே எழுதுகிறார்: அன்னோனா, எபிமேனியா, அதாவது தானியப் படி, மாதப் படி. கொஞ்ச காலம் அந்தப் படி அவர்கள் வாயை அடைத்தது. பிறகு போதவில்லை என்றார்கள், கூட்டிக் கொடுக்காவிட்டால் ஒப்பந்தத்தை முறித்து நாட்டைச் சூறையாடுவோம் என்றார்கள், சொன்னபடியே செய்தார்கள். கில்டாஸ் இதைக் கடவுள் கொடுத்த தண்டனையாகச் சொல்கிறார். படித்துப் பார்த்தால் இது ஒரு சம்பளத் தகராறு.

இதே ஒப்பந்தம் கால் நாட்டிலும் போடப்பட்டது. 418-இல் ஜெர்மானிய இனத்தாரான விசிகோத்துகளை அக்விடைனில் குடியேற்றினார்கள், 443-இல் பர்கண்டியர்கள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தாரை சவோய் பகுதியில். அங்கே நிலப் பதிவேடும் வரிக் கணக்கும் எழுத்தர்களும் ஆயர்களும் இருந்த இடத்தில் இருந்தார்கள். கூலிப்படை கடைசியில் எசமானர்கள் ஆனது உண்மை. ஆனால் அவர்கள் லத்தீன் பேசக் கற்றார்கள், ரோமச் சட்டத்தை எழுதி வைத்தார்கள், நகரங்களில் ஆயர் தொடர்ந்து உட்கார்ந்தார். பிரிட்டனில் ஒப்பந்தம் மட்டும் ரோம ஒப்பந்தம். அதை நிறைவேற்றும் கருவூலம் இல்லை.

இன்னொரு முரணையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் மிகவும் ரோமமயமான பகுதி தெற்கும் கிழக்கும்: பண்ணை மாளிகைகள், மொசைக் தரைகள், நகரங்கள். முதலில் விழுந்தது அதுதான். ரோம வாழ்க்கை மேலோட்டமாக மட்டும் படிந்த மேற்கும் வடக்கும்தான் நின்றன. காரணம், தெற்கத்திப் பண்ணையார் காசை நம்பியே வாழ்ந்தவர், ஆயுதம் ஏந்துவது அவர் வேலையாக இருந்ததில்லை. மேற்கத்தித் தலைவனுக்குக் காசு தேவைப்படவில்லை. ஆட்டையும் மாட்டையும் தானியத்தையும் திறையாக வாங்கி, தன் கோட்டையில் வீரர்களைக் கூட வைத்து விருந்து போட்டு, படையைக் கட்டிக் காக்க முடிந்தது. சாமர்செட்டில் உள்ள காட்பரிக் குன்றின் பழைய அரணை 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஹேட்ரியன் சுவரில் பேர்டோஸ்வால்ட் கோட்டையில் தானியக் களஞ்சியம் இருந்த இடத்தில் பெரிய மர மண்டபம் எழுந்தது. பேரரசின் களஞ்சியம் போய், ஒரு தலைவனின் சாப்பாட்டுக்கூடம் வந்துவிட்டது.

அதற்காக இவர்கள் ரோமை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. வடமேற்கு வேல்ஸில் பென்மாக்னோ தேவாலயத்தில் ஒரு நடுகல் இருக்கிறது, 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டு. லத்தீனில், கொஞ்சம் பிழையோடு: கான்டியோரிக்ஸ் இங்கே கிடக்கிறான், க்வினெத்தின் (அந்தப் பகுதி அரசின்) குடிமகன், மாஜிஸ்திரேட் மாக்லஸின் உறவினன். மலைக்கிராமத்தில், அருகில் ஒரு நகரம்கூட இல்லாத இடத்தில், செத்தவனுக்குக் குடியுரிமையும் உறவினரின் அரசுப் பதவியும் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் கிடைத்த இன்னொரு கல்லின் வாசகத்தை ‘கான்சல் ஜஸ்டினஸ் காலத்தில்’ என்று படிக்கிறார்கள். கான்சல் என்பது ரோமின் உயர் பதவி; பதவியில் இருப்பவர் பெயராலேயே ஆண்டைக் குறிப்பார்கள். ஜஸ்டினஸ் கான்சலாக இருந்தது 540-இல். படை போய் 130 ஆண்டு கழித்தும் அவர்கள் ரோமின் நாட்காட்டியில் வாழ்ந்தார்கள்.

சரி, எங்கே வரலாறு வேறு பக்கம் திரும்பியிருக்கும்? முதலில் தோன்றுவது 407. கான்ஸ்டன்டைன் கால்வாயைத் தாண்டாமல் கராசியஸ் மாதிரி லண்டனில் உட்கார்ந்திருந்தால், சாக்சன்களுக்குப் படியளக்கவும் முடியும், மிரட்டினால் அடக்கவும் முடியும். மாகாண வரியில் ஒரு பங்கு ஏற்கெனவே தானியமாகவே வசூலானது. 359-இல் ரைன் படைக்கு பிரிட்டனிலிருந்து 600 கப்பலில் தானியம் கொண்டுபோனதாக, பின்னாளில் பேரரசரான ஜூலியன் எழுதியிருக்கிறார், விளைச்சலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் படை தங்கியிருக்காது என்றே நினைக்கிறேன். வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தாரும் மற்றவர்களும் ரைன் நதியைத் தாண்டிவிட்டார்கள், சம்பளம் வரும் பாதை அடைபடப் போகிறது என்ற பதற்றத்தில்தான் அவர்கள் பேரரசர்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இங்கேயே இரு என்று சொல்லும் பேரரசருக்கு மார்க்கஸின் கதிதான் நேர்ந்திருக்கும்.

429-இல் இன்னொரு வாய்ப்பு இருந்தது. கால் நாட்டு ஓசேர் நகர ஆயர் ஜெர்மானஸ், மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக முடியும் என்ற பெலேஜியக் கொள்கையை எதிர்க்க வந்தபோது, இங்கே வாதாடும் செல்வந்தர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், புனித அல்பனின் கல்லறைக்கு யாத்திரை நடந்தது. திருச்சபை அரசின் எலும்புக்கூடாக மாறியிருக்கலாம், கால் நாட்டில் நடந்ததுபோல. ஆனால் ஆயருக்கு நகரம் வேண்டும், லண்டன் அப்போதே காலியாகிக்கொண்டிருந்தது. இதை நான் பெரிதாக நம்பவில்லை.

எனக்கு நம்பிக்கை தரும் இடம் 470-க்கும் 540-க்கும் இடைப்பட்ட காலம். 470 வாக்கில் ரியோத்தமஸ் என்ற பிரித்தானிய அரசர் 12,000 பேருடன் கடல்வழியாக கால் நாட்டுக்கு வந்து, பேரரசர் அந்தேமியஸுக்காக விசிகோத்துகளோடு மோதித் தோற்றார் என்கிறார் 6-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோர்டனஸ். எண்ணிக்கை ஊதப்பட்டதாகவே இருக்கட்டும். அவருடைய ஆட்சி கடலின் எந்தக் கரையில் இருந்தது என்றும் வாதம் இருக்கிறது. எப்படியானாலும் சம்பளமே இல்லாத காலத்தில் ஒரு பிரித்தானிய அரசரால் பெரும்படை திரட்ட முடிந்திருக்கிறது. 383-இல் பிரிட்டனில் தன்னைப் பேரரசராக்கிக்கொண்டு கால் நாட்டுக்குப் போன மாக்சிமஸ், 407-இல் கான்ஸ்டன்டைன், 470-இல் ரியோத்தமஸ்: மூன்று முறை பிரித்தானியப் படை கால் நாட்டு மண்ணில் கரைந்தது. மூன்றாவது படை பிரிட்டனிலேயே செவர்ன் ஆற்றுச் சமவெளியைக் காக்க நின்றிருந்தால், அதற்குப் பின் வந்த பேடன் வெற்றி ஒரு தலைமுறை அமைதியோடு முடிந்திருக்காது.

அப்படி ஓர் அரசின் மையம் பழைய பிரிட்டானியா ப்ரிமா மாகாணமாக இருந்திருக்கும். அதன் தலைநகர் சைரன்செஸ்டர் என்று கருதுகிறார்கள். வேல்ஸின் வீரர்கள், காட்ஸ்வோல்ட் வயல்களின் தானியம், கார்ன்வாலின் தகரம் மூன்றும் அதன் கையில் இருக்கும். கார்ன்வாலின் டின்டாஜெல் பாறைமுனையில் கிழக்கு மத்தியதரைக் கடல் எண்ணெய், மது ஜாடிகளின் உடைசல் குவியலாகக் கிடைத்திருக்கிறது. தகரம் வாங்க பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், கப்பல்கள் வந்துபோன சுவடு அது. இந்த அரசில் லீஜியன் என்ற ரோமப் பெரும்படைப் பிரிவு இருக்காது, குளியல் மண்டபம் இருக்காது, மாளிகைகள் மெல்ல மறையும். அரசர் தன் இனத்தாருக்குத் தலைவர், லத்தீனில் கையெழுத்திடும்போது ரோம அதிகாரி. கற்பனை மாதிரி தோன்றினால் வட ஆப்பிரிக்காவைப் பாருங்கள்: இன்றைய அல்ஜீரியாவின் அல்தாவாவில் 508-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் மசூனா என்பவர் ‘மூர்களுக்கும் ரோமர்களுக்கும் அரசர்’ என்று தன்னை அழைத்துக்கொள்கிறார். கைவிடப்பட்ட மாகாணத்தில் உள்ளூர் இனத்தலைமையும் ரோமப் பட்டமும் ஒரே ஆளிடம் சேர முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

சாக்சன்கள் எங்கே போவார்கள்? எங்கேயும் போக மாட்டார்கள். கென்டிலும் கிழக்கிலும் இருப்பார்கள். 2022-இல் வந்த மரபணு ஆய்வு, கிழக்கு, தெற்கு இங்கிலாந்தின் இடைக்காலத் தொடக்கக் கல்லறைகளில் இருந்தவர்களின் மரபில் 76 விழுக்காடு வரை கண்டத்து வடகடற்கரையிலிருந்து வந்தது என்று காட்டியது. இவ்வளவு பேர் குடும்பத்தோடு வந்ததை எந்த அரசரும் தடுத்திருக்க முடியாது. வேறுபடப்போவது சட்டம். 690 வாக்கில் வெஸ்ஸெக்ஸ் என்ற சாக்சன் நாட்டின் அரசர் ஐனி எழுதிய சட்டத்தில், கொலைக்கு ஈடாகக் கட்ட வேண்டிய தொகை சாதாரண சாக்சன் குடியானவருக்கு 200 ஷில்லிங். ஓரளவு நிலம் வைத்திருக்கும் வேல்ஸ்காரருக்கு (பிரித்தானியரை அப்படித்தான் அழைத்தார்கள்) 120, நிலமில்லாதவருக்கு 60. உயிருக்கே பாதி விலை என்றால் பிள்ளைகள் எந்த மொழிக்கு மாறுவார்கள் என்று கேட்கவே வேண்டாம். வெஸ்ஸெக்ஸ் அரச குலத்தின் முன்னோன் செர்டிக்கின் பெயரே பிரித்தானியப் பெயர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். சட்டம் சைரன்செஸ்டரில் எழுதப்பட்டிருந்தால் விலைப்பட்டியல் தலைகீழாகியிருக்கும்; கென்ட்காரரின் பேரன் பிரித்தானிய மொழி பேசி ஞாயிற்றுக்கிழமை லத்தீன் திருப்பலிக்குப் போயிருப்பான். 597-இல் போப் கிரிகோரி அனுப்பிய அகஸ்டின் வந்து கிறிஸ்தவத்துக்கு மாற்ற வேண்டிய அரசர் இருந்திருக்க மாட்டார். ஆங்கிலம் வடகடல் ஓரத்துக் கிராம மொழிகளில் ஒன்றாக நின்றிருக்கும்.

ஆபத்தும் அதே கடல்வழியில்தான் வந்திருக்கும். 540-களில் மத்தியதரைக் கடலிலிருந்து பரவிய கொள்ளைநோய், எண்ணெய் ஜாடி வந்த துறைமுகங்களை விட்டுவைக்காது. க்வினெத் அரசர் மெயில்குன் 547-இல் பெருஞ்சாவில் இறந்ததாக வேல்ஸ் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. கில்டாஸ் பெயர் சொல்லித் திட்டும் ஐந்து அரசர்களில் அவர் ஒருவர். ஐந்து பேரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் கில்டாஸின் குமுறல். கொள்ளைநோயைவிட இது மோசமான வியாதி என்று நினைக்கிறேன். 577-இல் டிர்ஹாம் போரில் மூன்று பிரித்தானிய அரசர்கள் ஒரே நாளில் மாண்டு, குளோஸ்டர், சைரன்செஸ்டர், பாத் மூன்றும் சாக்சன் வசமாயின என்று ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு சொல்கிறது. பக்கத்துப் பக்கத்து மூன்று நகரத்துக்கு மூன்று அரசர்! பைசாந்தியத்திலிருந்து உதவி வரும் என்று எதிர்பார்க்கவும் இடமில்லை. இத்தாலியில் கோத்துகள் சிசிலியை விட்டுத்தருகிறோம் என்று பேரம் பேசியபோது, அதைவிடப் பெரிய பிரிட்டனை உங்களுக்கே தருகிறோம் என்று தளபதி பெலிசாரியஸ் பதில் சொன்னார். அவருக்கு அது கையில் இல்லாத சொத்து.

அரசு நின்றிருக்குமா என்று கேட்கிறோமே, ஒரு துண்டு நிஜமாகவே நின்றது. கான்டியோரிக்ஸ் குடிமகனாக இருந்த அதே க்வினெத் 1282 வரை தன் சொந்த இளவரசர்களின் கீழ் இருந்தது. மேற்கு ரோமின் கடைசிப் பேரரசர் பதவியிழந்து 800 ஆண்டுக்குப் பிறகு, அதன் இளவரசர் லிவெலின் கொல்லப்பட்ட கையோடு அது முடிந்தது. மலை அதைக் காத்தது. மலையே அதை வளரவும் விடவில்லை. பெரும்படைக்குப் படியளக்கும் சமவெளி அதனிடம் இல்லை. ஆங்கில அரசர்கள் க்வினெத்தைப் பணிய வைக்க நினைத்தபோதெல்லாம், அதன் தானியம் விளையும் ஆங்கிள்சி தீவின் மேல் கண் வைத்தார்கள்.

அந்தச் சமவெளி எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்பதே இப்போது திரும்ப எழுதப்படுகிறது. காட்ஸ்வோல்டில் செட்வொர்த் பண்ணை மாளிகையில் ஒரு மொசைக் தரை இருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டுத் தரைகளைவிடத் தரம் குறைவு, வடிவங்களில் தவறுகள் உண்டு. அந்த அறையைப் பிரித்த சுவரின் அடித்தளக் குழியில் கிடைத்த கரியையும் எலும்பையும் கார்பன் முறையில் கணித்தபோது, சுவர் 424-க்குப் பிறகுதான் கட்டப்பட்டிருக்க முடியும் என்று தெரிந்தது. 2020-இல் அந்த முடிவை வெளியிட்டார்கள். படை போய் ஒரு தலைமுறைக்குப் பிறகு ஒருவர் புது அறை தடுத்து, கைப்பழக்கம் குறைந்த தொழிலாளியை வைத்துத் தரை போட்டிருக்கிறார். நெடுங்காலமாக மாளிகைகளின் முடிவைக் காசை வைத்தே கணித்தார்கள். 402-க்குப் பிறகு காசே வராத நாட்டில் அப்படிக் கணித்தால் எல்லா மாளிகையும் 400 வாக்கில் கைவிடப்பட்டதாகத்தான் தெரியும். மற்ற மாளிகைகளின் கடைசிச் சுவர்களையும் இதே முறையில் சோதித்து, பாதியளவாவது 450-ஐத் தாண்டினால், சைரன்செஸ்டர் அரசுக்குப் படியளக்க ரியோத்தமஸ் காலத்திலும் ஆட்கள் மிச்சமிருந்தார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம்.